ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வருதா? கம்பம் பள்ளத்தாக்கு சொல்லும் 'பிரஷர்' கணக்கு

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலைப்பாதையில் ஏறுபவர்கள் லோயர்கேம்ப் பகுதியில் ஒரு காட்சியைத் தவறவிட முடியாது. மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் செங்குத்தாக இறங்குகின்றன. தேக்கடியிலிருந்து வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் அந்தக் குழாய்கள் வழியாகப் பாய்ந்து, கீழே பெரியாறு மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. அந்த வேகத்துக்கு எந்த மோட்டாரும் காரணமில்லை. உயரம் மட்டும்தான் காரணம்.

அதே தண்ணீர் ஆறாகி, குடிநீர்த் திட்டமாகி, பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு வீட்டின் மொட்டைமாடித் தொட்டிக்கு வந்துசேர்கிறது. ஆசையாக வாங்கி மாட்டிய 'ரெயின் ஷவரை'த் திறந்தால் நூல் நூலாக வடிகிறது. "தண்ணியே இல்லை போல" என்று வீட்டில் சொல்வார்கள். "பிரஷர் பம்பு மாட்டிருங்க" என்று கடைக்காரர் சொல்வார். "மெயின் லைன்லயே ஒரு மோட்டார் போட்டா சரியாகிடும்" என்று யாராவது காதில் போடுவார்கள்.

இந்த மூன்றில் முதலாவது பெரும்பாலும் தவறு. இரண்டாவது சில வீடுகளுக்கு மட்டுமே தேவை. மூன்றாவது, பக்கத்து வீட்டுத் தண்ணீரைப் பறிப்பதோடு உங்கள் வீட்டுக்கே நோயைக் கொண்டுவரக்கூடியது. ஏன் என்று பார்ப்போம்.

தண்ணீர் குறைவும் பிரஷர் குறைவும் ஒன்றா?

இல்லை. தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் ஷவரில் பிரஷர் இல்லாமல் போகலாம்.

குழாயில் வரும் தண்ணீரின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது, குழாய் வாய்க்கு மேலே தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான். 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கிடைப்பது ஏறத்தாழ 1 'பார்' அழுத்தம். தொட்டி 500 லிட்டரா, 2,000 லிட்டரா என்பது இதில் கணக்கே இல்லை. இரண்டிலும் தண்ணீர் மட்டம் ஒரே உயரத்தில் இருந்தால் அழுத்தமும் ஒன்றுதான். பெரிய தொட்டி வாங்கினால் பிரஷர் கூடும் என்று நம்பிச் செலவு செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இப்போது ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். தரைத்தளம் மட்டும்தான். கூரை 10 அடி உயரம். தொட்டி நேராக மொட்டைமாடித் தளத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தொட்டிக்குள் 3 அடிக்குத் தண்ணீர். ஷவர் இருப்பது தரையிலிருந்து 7 அடியில். ஆக, ஷவருக்கு மேலே தண்ணீர் நிற்கும் உயரம், தளத்தின் கனத்தையும் சேர்த்து ஆறரை அடிதான். அழுத்தம் சுமார் 0.2 பார். தொட்டி கால்வாசியாகக் குறைந்தால் இதுவும் 0.13 பக்கம் இறங்கிவிடும்.

இதே வீட்டுக்கு ஒரு மாடி கூடுதலாக இருந்தால், தரைத்தளத்து ஷவருக்கு 0.5 பார் கிடைக்கும். மாடியில் இருப்பவருக்கு அதே 0.2 பார்தான். "கீழ அம்மா வீட்ல நல்லா வருது, மேல நம்ம போர்ஷன்லதான் வரலை" என்பதற்கு விளக்கம் இவ்வளவுதான். தரைக்குழாயில் பக்கெட் வேகமாக நிரம்புவதும், ஷவரில் சொட்டுவதும் இதே காரணத்தால்தான். தரைக்குழாய் ஷவரைவிட ஐந்து, ஆறு அடி கீழே இருக்கிறது.

அகலமான ரெயின் ஷவர்களின் பெட்டியிலோ கையேட்டிலோ 'குறைந்தபட்ச அழுத்தம்' என்று ஓர் எண் போட்டிருக்கும். பல மாடல்களில் அது அரை பாரிலிருந்து 1 பார் வரை இருக்கும். வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம், அந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

பிளம்பரைக் கூப்பிடும் முன் என்ன செக் செய்யலாம்?

ஒரு 10 லிட்டர் பக்கெட்டும் போனில் ஒரு ஸ்டாப் வாட்சும் போதும். ஷவரைத் திறந்து பக்கெட் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். பிறகு ஷவர் தலையைக் கையாலேயே திருகிக் கழற்றிவிட்டு, வெறும் குழாயிலிருந்து மறுபடி நிரப்புங்கள். 60 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர். 90 நொடி ஆனால் ஆறரை லிட்டர். சாதாரணமாகக் குளிக்க ஆறு, ஏழு லிட்டரே தாராளம்.

தலையைக் கழற்றியதும் தண்ணீர் நன்றாகக் கொட்டினால், கோளாறு ஷவர் தலையில்தான். கழற்றியும் அதே மந்தம்தான் என்றால், குழாயிலோ தொட்டியிலோ உயரத்திலோ இருக்கிறது. பாதிப் பிரச்னை இந்த ஒரே சோதனையில் தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி: எல்லாக் குழாயிலும் குறைவா, ஒன்றில் மட்டுமா? ஒரு பாத்ரூமில் மட்டும் என்றால் அங்கே போகும் வால்வைப் பாருங்கள். தொட்டி கழுவியபோதோ, வேறு ஏதோ ரிப்பேரின்போதோ பாதி மூடிய வால்வைத் திரும்ப முழுதாகத் திறக்காமல் போயிருப்பார்கள். வாடகை வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். மொட்டைமாடிக்கு ஒருமுறை ஏறிப் பார்த்தாலே போதும், செலவில்லாமல் முடிந்துவிடும்.

மூன்றாவது கேள்வி: எப்போதிலிருந்து? திடீரென்று நேற்றிலிருந்து என்றால் அடைப்பு, காற்று, வால்வு, கசிவு. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது என்றால் உப்பு, துரு. வீடு கட்டிய நாளிலிருந்தே என்றால் உயரமோ குழாய் அளவோதான்.

உப்பு செய்யும் வேலை

ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் போர்வெல்லைத் தொட்டிக்குத் திருப்பும் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்புப் படிவை. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் அதிகமாக இருக்கும் இடங்களில், ஷவரின் ஊசித்துளைகள்தான் முதலில் அடைபடும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. பக்கெட்டில் வெள்ளைக் கோடு விழுகிறது, சோப்பு நுரைக்க மறுக்கிறது என்றால் உங்கள் தண்ணீர் கடின நீர்தான்.

வினிகரையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, கழற்றிய ஷவர் தலையை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் படிவு கழன்றுவிடும். ரப்பர் துளை உள்ள மாடல் என்றால் விரலால் தேய்த்தாலே உதிரும். தலைக்குள் இருக்கும் சின்ன வலையையும் கழுவ வேண்டும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, குரோம் பூச்சு போய்விடும். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

சூடான தண்ணீர் மட்டும் மெதுவாக வந்தால் கீசர் பக்கம் பாருங்கள். உப்பு அங்கே இன்னும் வேகமாகப் படியும். கீசருக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் வால்வு, வடிகட்டி அடைபட்டிருக்கலாம். மெயின் சுவிட்சை அணைக்காமல் கீசரைத் தொடாதீர்கள். இந்த வேலைக்கு ஆள் கூப்பிடுவதே நல்லது.

தொட்டி நிறைய தண்ணீர், குழாயில் காற்று

தொட்டி ஒருமுறை முழுதாகக் காலியாகி, மறுபடி நிரம்பிய பிறகு தண்ணீர் விட்டு விட்டு வருகிறதா? அது 'ஏர் லாக்'. மொட்டைமாடியில் குழாய் ஏறி இறங்கிப் போகும் இடங்களில், மேட்டுப் பகுதியில் காற்று சிக்கிக்கொள்ளும். தொட்டி நிரம்பிய பிறகு, வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாயை முழுதாகத் திறந்து சில நிமிடம் ஓடவிட்டால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். அடிக்கடி இதே தொல்லை என்றால், தொட்டியிலிருந்து குழாய் வெளியே வந்ததும் ஒரு காற்றுக்குழாயை, தொட்டியின் உயரத்தைத் தாண்டி மேலே நிற்கும்படி வைக்கச் சொல்லுங்கள். சின்னச் செலவுதான்.

மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக வரும். அந்த வண்டல் தொட்டியின் அடியில் தங்கி, வெளியேறும் வாயை அடைக்கும். வருடத்துக்கு இரண்டு முறையாவது தொட்டியைக் கழுவினால் பிரஷரும் சுத்தமும் சேர்ந்தே கிடைக்கும்.

பழைய வீடு, இரும்புக் குழாய் என்றால் உள்ளே துரு ஏறி விட்டம் சுருங்கியிருக்கும். புது வீட்டிலும், செலவைக் குறைக்கத் தொட்டியிலிருந்தே அரை அங்குலக் குழாய் இழுத்திருப்பார்கள். ஒரே உயரத்தில், ஒரே தூரத்துக்கு முக்கால் அங்குலக் குழாய் அரை அங்குலக் குழாயைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தண்ணீர் தரும். மாடியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாய் 1 அங்குலம் அல்லது அதற்கு மேல், பாத்ரூமுக்குப் பிரியும் குழாய் முக்கால், கடைசியில் ஷவருக்கு அரை என்று வைத்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் சுவர் பூசும் முன் பேச வேண்டிய விஷயம் இது.

தொட்டியை உயர்த்துவதா, பம்பு வாங்குவதா?

மேலே சொன்ன எதுவும் இல்லை, உயரம்தான் குறை என்றால் இரண்டு வழி.

ஒன்று, தொட்டியைத் தூக்கி வைப்பது. 5 அடி மேடை கட்டினால் அந்த ஒற்றைத்தள வீட்டில் அழுத்தம் 0.2 பாரிலிருந்து 0.35 ஆகும். ஆனால் அழுத்தம் இரட்டிப்பானால் தண்ணீர் வரும் அளவு இரட்டிப்பாகாது. ஏறத்தாழ 1.4 மடங்குதான் கூடும். 1,000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன் என்பதும் நினைவிருக்கட்டும். மேடையின் கால்கள் சுவர், தூண் உள்ள இடத்தில் நிற்க வேண்டும், வெறும் தளத்தின் நடுவில் அல்ல.

இரண்டு, தொட்டிக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் சின்ன பிரஷர் பம்பு. ஒன்று, இரண்டு பாத்ரூமுக்கு அரை எச்.பி. அளவே போதும். மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அது அழுத்தம் தாங்கும் வகையா என்று கேளுங்கள். மொட்டைமாடிகளில் இருக்கும் பல ஹீட்டர்கள் சாதாரண வகை, அவற்றுக்குப் பம்பு இணைத்தால் உள்தொட்டி வெடித்துப் பிளந்துவிடலாம். இரண்டாவது, குளிர்ந்த நீர்க் குழாய்க்கு மட்டும் பம்பு வைத்தால், அந்த அழுத்தம் சூடான நீரைப் பின்னுக்குத் தள்ளிவிடும், ஷவரில் வெந்நீரே வராது. மூன்றாவது, கரன்ட் போனாலும் தண்ணீர் வர ஒரு பைபாஸ் குழாய் வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. குறைந்த அழுத்தத்துக்கென்று வரும் சின்ன ஷவர் தலை வாங்குவது. பம்பு விலையில் ஒரு பங்குகூட ஆகாது.

மெயின் லைனில் மோட்டார் வைத்தால் என்ன ஆகும்?

இதுதான் முக்கியமான கேள்வி. ஏனென்றால் இது ஒரு வீட்டோடு முடிவதில்லை.

குடிநீர்த் தொட்டியிலிருந்து ஒரு தெருவுக்கு வரும் தண்ணீருக்கு ஓர் அளவான அழுத்தம் உண்டு. முதல் வீட்டில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால், குழாயின் அழுத்தம் அங்கேயே விழுந்துவிடும். கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். அவர்களும் மோட்டார் வாங்குவார்கள். பிறகு தெரு முழுக்க மோட்டார். எல்லோரும் கரன்ட் பில் கட்டுவார்கள், மொத்தத் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடியிருக்காது. மோட்டார் வாங்க முடியாத வீடு மட்டும் குடத்தோடு லாரிக்காகக் காத்திருக்கும்.

அதைவிட ஆபத்தான இன்னொன்று உண்டு. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, சின்ன விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதே விரிசல் வழியாக வெளியில் இருப்பது உள்ளே வரும். குழாய்க்குப் பக்கத்திலேயே சாக்கடை ஓடும் தெருக்களில் உள்ளே வருவது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளாட்சிகள் இத்தகைய மோட்டார்களைப் பறிமுதல் செய்வதும், இணைப்பைத் துண்டிப்பதும் இதனால்தான்.

சரியான வழி எளிது. தெருக்குழாய்த் தண்ணீர் தன் போக்கில் தரைத்தொட்டியில் விழட்டும். அங்கிருந்து மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுங்கள். மோட்டார் தொட்டிக்குப் பிறகு நிற்க வேண்டும், ஊர்க் குழாய்க்குப் பிறகு அல்ல.

அப்படியானால் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பிரச்னையே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது வேறு கணக்கு. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலங்களின் முதல் போகத்துக்கு அணை திறக்கும்போது வழக்கமாக வரும் அறிவிப்பு: பாசனத்துக்கு விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி. அந்த 100 கன அடியை லிட்டராக மாற்றினால் நாளொன்றுக்கு சுமார் 24.5 கோடி லிட்டர். 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்ட மக்கள்தொகை சுமார் 12.46 லட்சம். கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவான ஆளுக்கு 55 லிட்டரை எல்லோருக்கும் கொடுத்தாலும் 7 கோடி லிட்டருக்குள் அடங்கும்.

அந்தத் தண்ணீர் முழுவதும் தேனிக்கானது அல்ல என்பதுதான் சிக்கல். வைகை அணைக்கும் அதைத் தாண்டியும் போக வேண்டும். லோயர்கேம்பிலிருந்து மதுரை மாநகராட்சிக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுசெல்ல வகுக்கப்பட்ட அம்ருத் திட்டத்தைப் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்ததற்கும் இதுவே பின்னணி. அது கிட்டத்தட்ட 51 கன அடி. ஆற்றில் ஓடி, வழியெல்லாம் நிலத்தடியை நிரப்பிப் போக வேண்டிய தண்ணீர் குழாயில் போய்விடும் என்பது அவர்கள் வாதம். குழாயில் போனால் வழியில் வீணாகாது, மாசுபடாது என்பது திட்டத்தின் வாதம்.

இந்த விவாதம் எல்லாமே லிட்டரிலும் கன அடியிலும் நடக்கிறது. அழுத்தம் பற்றிய பேச்சு எங்குமே இல்லை. 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் நோக்க வாசகம், போதிய அளவு, நிர்ணயித்த தரம், தொடர்ச்சி என்கிறது. அழுத்தம் அந்த வாசகத்தில் இல்லை. நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கான மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் 1999 கையேடு, ஒற்றைத்தள வீடுகள் உள்ள பகுதிக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12 மீட்டர், மூன்று தளத்துக்கு 17 மீட்டர் அழுத்தம் வீட்டு வாசலில் இருக்க வேண்டும் என்று சொன்னது. அது கிடைத்தால் தண்ணீர் மோட்டாரே இல்லாமல் மாடித் தொட்டிக்கு ஏறும். உங்கள் தெருவில் அது கிடைக்கிறதா?

முடியாத காரியமும் இல்லை. ஒடிசாவின் புரி நகரம் 2021 ஜூலையில் 24 மணி நேரமும் குழாயிலிருந்தே நேராகக் குடிக்கக்கூடிய தண்ணீர் தரும் நகரமாக அறிவிக்கப்பட்டது. குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால்தான் சாக்கடை உள்ளே வராது என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படைகளில் ஒன்று. அமெரிக்காவில் பிரச்னை தலைகீழ். அங்கே அழுத்தம் தாராளம், அதனால் ஷவர் தலை நிமிடத்துக்கு 2.5 கேலன், அதாவது சுமார் 9.5 லிட்டருக்கு மேல் விடக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்தது. 'ஷவர் தலை' என்றால் எது என்ற வரையறையை நீக்கச் சொல்லி 2025 ஏப்ரல் 9-ல் அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அந்த உச்சவரம்பைக்கூட நம்மில் பல வீட்டு ஷவர்கள் எட்டிப் பார்த்ததில்லை.

என்ன கேட்கலாம்?

பிரஷர் கேஜ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்னக் கருவி. தண்ணீர் வரும் நேரத்தில் தெருவின் முதல் வீட்டுக் குழாயிலும் கடைசி வீட்டுக் குழாயிலும் அதை மாட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், நடுவில் கசிவோ மோட்டாரோ குறுகிய குழாயோ இருக்கிறது. "தண்ணி சரியா வரலை" என்ற புகாரைவிட, "கடைசி வீட்டில் 2 மீட்டர்தான் இருக்கிறது" என்ற புகாருக்குப் பதில் சொல்லாமல் தப்பிப்பது கஷ்டம்.

தமிழ்நாட்டில் உலக தண்ணீர் தினமான மார்ச் 22-ம் ஒரு கிராம சபை நாள். தேனி, போடி, கம்பம், சின்னமனூர், கூடலூர், பெரியகுளம் நகராட்சிகளில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் இதே எண்ணோடு போகலாம். எத்தனை இணைப்பு கொடுத்தீர்கள் என்பதோடு, கடைசி வீட்டில் எத்தனை மீட்டர் அழுத்தம் என்றும் ஒரு வரி கேளுங்கள். அதற்கு முன், ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டுவிடுங்கள்.